வட்டில் ஒரு வில்லங்கம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ இந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனால் அதன் விளைவு அந்த ஊர்களுக்கும் வந்து சேர்கிறது. அக்காள் பிளஸ் டூ படித்தபோது அரசுப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி தம்பி கைக்கு வந்து, இப்போது அவன் கல்லூரிப் பையில் இருக்கும் வீடுகள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உண்டு. அந்தக் காலத்துக் கருவிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக்கு எட்டாதவை. டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு, யு.இ.எஃப்.ஐ. முறையில் பூட் ஆகும் வசதி, 4 ஜி.பி. நினைவகம், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள செயலி என்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று இடிக்கும். லினக்ஸ் போட்டுவிடலாம் என்பார் ஒருவர். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் நாலு வருஷம் ஓடும் என்பார் இன்னொருவர். எந்த வழியில் போனாலும் நடுவில் ஒரு திரை வந்து, எங்கே நிறுவுவது என்று கேட்கும். பாதிப் பேர் மாட்டிக்கொள்வது அந்தத் திரையில்தான்.

விண்டோஸ் ஓடும்போது சி டிரைவ், டி டிரைவ் என்று பழகியவருக்கு அங்கே அந்த எழுத்துகளே தென்படாது. வட்டு 0, பகுதி 1, பகுதி 2 என்று எண்கள்தான் வரிசையாக நிற்கும். 320 ஜி.பி. என்று விற்கப்பட்ட வட்டு 298 என்று காட்டும். 500 என்றது 465 ஆகியிருக்கும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கியதை விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. எதுவும் களவு போகவில்லை. கூடவே 100 எம்.பி., 16 எம்.பி., 500 எம்.பி. என்று பெயர் விளங்காத சில்லறைத் துண்டுகள் சில இருக்கும். கல்யாணப் படங்களும் குழந்தையின் காதணி விழா வீடியோவும் டி டிரைவில்தான் இருக்கின்றன, சி-யை மட்டும் பார்மட் செய்தால் போதும் என்று நினைத்து வந்தவர், இந்த எண்களில் எது டி என்று தெரியாமல் திகைப்பார். அந்த நேரம் பார்த்து, இந்த வட்டில் விண்டோஸை நிறுவ முடியாது என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி வரும். எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு மொத்தமும் காலி இடமாக்கினால் அந்த வரி மறைந்துவிடும். பிழைச்செய்தியும் படங்களும் ஒரே அழுத்தலில் போய்விடும்.

நிறுவும்போது வரும் பார்ட்டிஷன் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு வட்டின் பழுது காரணமே இல்லை. வெவ்வேறு காலத்தில் எழுதப்பட்ட விதிகள் ஒரே வட்டில் சந்தித்துக்கொள்வதால் வருபவை அவை. செய்தியை மறையவைக்கும் குறுக்குவழியே பெரும்பாலும் தரவைத் தொலைக்கும் வழியாகவும் இருப்பதுதான் இதில் உள்ள விபரீதம்.

விதிகளில் மூத்தது எம்.பி.ஆர். 1983-இல் ஐ.பி.எம். கணினிக்கான டாஸ் 2.0 ஹார்டு டிஸ்க்கை ஆதரிக்கத் தொடங்கியபோது வந்தது. வட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டு கணினியை எழுப்பும் சிறு நிரலுக்கு, 64 பைட்டு பகுதிகளின் அட்டவணைக்கு, கடைசி 2 பைட்டு முத்திரைக்கு. ஒரு பகுதியின் விவரம் எழுத 16 பைட்டு வேண்டும்; 64-இல் நான்குதான் அடங்கும். அதனால்தான் நான்கு முதன்மைப் பகுதிகள் என்ற வரம்பு. ஐந்தாவது வேண்டுமென்றால் நான்கில் ஒன்றை விரிவாக்கப் பகுதியாக்கி, அதற்குள் தருக்கப் பகுதிகளை அடுக்க வேண்டும் என்ற ஒட்டு வேலை பின்னால் வந்தது. செக்டர் எனப்படும் பிரிவின் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே ஒதுக்கியதால் 512 பைட்டு பிரிவுகள் கொண்ட வட்டில் இரண்டு டெராபைட்டுக்கு மேல் இந்த அட்டவணையால் பார்க்க முடியாது. இன்டெல் முன்னெடுத்த இ.எஃப்.ஐ. திட்டத்தோடு வந்த ஜி.பி.டி. இரண்டு வரம்புகளையும் உடைத்தது. வழக்கமாக 128 பகுதிகளுக்கு அதில் இடம் உண்டு. அட்டவணையின் நகல் வட்டின் கடைசியிலும் இருக்கும். எழுதியது சிதைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்ணும் உண்டு.

அட்டவணை என்பது வெறும் பதிவேடு என்பதை இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-இல் மறுபடி பிரிந்தது. இத்தனைக்கும் செந்துறை செந்துறையிலேயேதான் இருந்தது. எந்த ஊர் எந்தப் பதிவேட்டில் என்பது மட்டும் மாறியது. வட்டிலும் ஒரு பகுதியை அழிக்கும்போது அட்டவணையின் அந்தப் பதிவுதான் போகிறது. உள்ளே இருந்த கோப்புகள் வேறு ஏதாவது மேலே எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். தொலைந்த பகுதிகளை மீட்கும் கருவிகள் வேலை செய்வது இந்த ஒரு நம்பிக்கையில்தான்.

இனி அரசு மடிக்கணினிக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் அருகே காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தன. இதே எல்காட், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிப் பேர் வாங்கிய நிறுவனம். மாணவர்களின் கருவியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே இருக்கட்டும் என்று முடிவானது. லினக்ஸ் தரப்பில் இடம்பெற்றது போஸ். சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடியாக வைத்து உருவாக்கியது. விண்டோஸுக்கு இடம் கொடுத்ததே தவறு என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அப்போது சண்டை பிடித்தார்கள். அந்த வாதம் ஒருபுறம் இருக்க, யாரும் அதிகம் பேசாத இன்னொன்று நடந்தது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளம் என்ற ஏற்பாடு, கணினியை முதன்முதலில் தொடும் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் லட்சக்கணக்கில் ஒப்படைக்கப்பட்டது. வட்டு எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

இப்படி இரண்டு இயங்குதளம் உள்ள டூயல் பூட் கருவியில் நடக்கும் விபத்துக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. படம் சேமிக்க இடம் போதவில்லை. விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பக்கத்தைத் திறந்தால் பெயரில்லாத பெரிய பகுதி ஒன்று சும்மா கிடப்பதுபோல் தெரிகிறது. லினக்ஸ் இருக்கும் எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது, அதனால்தான் பெயரில்லை. அழித்து, அந்த இடத்தை டி-யோடு சேர்த்தாயிற்று. மறுமுறை பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற சொற்கள் மட்டும். பழைய பயாஸ் முறையில், இயங்குதளத்தை எழுப்பும் நிரலான கிரப் மூன்று துண்டாக இருக்கும்: எம்.பி.ஆரில் ஒரு துணுக்கு, அதையடுத்த காலி இடத்தில் இன்னொன்று, மீதி முழுவதும் லினக்ஸ் பகுதிக்குள். மூன்றாவது போனதும் முதல் இரண்டும் வழி தெரியாமல் நின்றுவிடுகின்றன. விண்டோஸுக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் பூட் செய்து, ‘கணினியைப் பழுதுபார்’ என்பதற்குள் போய், கட்டளைத் திரையில் பூட்ரெக் கருவியை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தெரிவோடு ஓடவிட்டால் சில நொடிகளில் பழையபடி எழுந்துவிடும். யு.இ.எஃப்.ஐ. கருவியாக இருந்தால் அதுகூட வேண்டாம். பூட் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இந்த எளிய சிகிச்சை தெரியாமல் முழு வட்டையும் பார்மட் செய்து, கருவியோடு வந்த மீட்புப் பகுதியையும் சேர்த்து அழித்து, திருட்டு விண்டோஸ் 7 அல்டிமேட் போட்டுக் கொடுப்பதே நெடுநாள் வைத்தியமாக இருந்தது.

தருக்கப் பகுதிகளில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. லினக்ஸ் கணக்கில் அவற்றின் எண் எப்போதும் 5-இல் தொடங்கும். 5, 6, 7 இருக்கும்போது 5-ஐ அழித்தால் 6 ஐந்தாகவும் 7 ஆறாகவும் பெயர் மாறும். லினக்ஸ் பகுதியைத் தொடவே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்வார். உண்மையாகவே தொட்டிருக்க மாட்டார். பக்கத்துப் பகுதி போனதில் எண் நகர்ந்து, கிரப் தேடும் முகவரி தவறிப்போயிருக்கும்.

திட்டம் தொடங்கிய காலமும் இதற்குத் தோதாக இல்லை. 2012-இல் தமிழகத்தின் கிராமப்புறங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. பகுதியின் அளவை மாற்றுவது, அதிலும் தொடக்கப் புள்ளியை இடம் மாற்றுவது, பதிவேட்டைத் திருத்துவதோடு முடியும் வேலையன்று. உள்ளே உள்ள தரவு முழுவதும் இடம்பெயர வேண்டும். நூறு ஜி.பி. நிரம்பிய பழைய வட்டில் மணிக்கணக்கில் ஓடும். பாதியில் மின்சாரம் நின்றால் பாதித் தரவு பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். புதுக் கருவியில் மின்கலம் காப்பாற்றிவிடும். இன்று அதே கருவியின் மின்கலம் பத்து வயதைத் தாண்டி, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும் நிலையில் இருக்கிறது. மின்வெட்டு குறைந்துவிட்டது, சார்ஜர் ஒயரில் கால் தடுக்கும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

கடையில் வாங்கிய கருவிகளுக்குத் தொல்லை வேறு வடிவில் வந்தது. விண்டோஸ் 7 காலத்து எச்.பி. மடிக்கணினிகளில் கணினிப் பகுதி, விண்டோஸ், மீட்புப் பகுதி, எச்.பி. டூல்ஸ் என்று நான்கு முதன்மைப் பகுதிகளையும் தயாரிப்பாளரே நிரப்பி அனுப்பியிருப்பார். விண்டோஸைச் சுருக்கி நூறு ஜி.பி. காலி இடம் உண்டாக்கி, லினக்ஸ் நிறுவியை ஓடவிட்டால், இந்த இடம் பயன்படுத்த முடியாதது என்று சொல்லும். இடம் இருக்கிறது, பதிவேட்டில் ஐந்தாவது வரிதான் இல்லை. இதைவிடப் பெரிய பொறி விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. அந்தக் காலி இடத்தில் புதிய டிரைவ் உருவாக்கச் சொன்னால், வட்டை ‘டைனமிக்’ ஆக மாற்றவா என்று சாதுவாக ஒரு கேள்வி வரும். சரி என்று சொன்னவர்களுக்கு விண்டோஸ் நன்றாகவே ஓடும். பின்னாளில் லினக்ஸ் போட வந்தால் சாதாரண நிறுவிகள் அந்த வட்டில் கை வைக்க மறுக்கும்; பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸே கொடுக்கும் வழி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குவதுதான். இவ்வளவு விலை உள்ள கேள்வியை இவ்வளவு சாதாரணமாகக் கேட்ட மென்பொருள்கள் அதிகம் இல்லை.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்த பிறகு புதிய மடிக்கணினிகள் யு.இ.எஃப்.ஐ. முறைக்கு நகர்ந்தன. அதற்குப் பின் நிறுவல் திரையில் மிக அதிகமாகத் தென்படும் முட்டுக்கட்டை இதுதான்: வட்டில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது, இ.எஃப்.ஐ. கணினியில் ஜி.பி.டி. வட்டில்தான் விண்டோஸை நிறுவ முடியும் என்று ஒரு செய்தி. அல்லது நேர் எதிராக, வட்டு ஜி.பி.டி. முறையில் இருப்பதால் நிறுவ முடியாது என்று. இரண்டுக்கும் காரணம் வட்டில் இல்லை, பென்டிரைவ் எப்படி எழுந்தது என்பதில் இருக்கிறது. பூட் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றுக்கு முன்னால் யு.இ.எஃப்.ஐ. என்ற சொல் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த முறையில்தான் நிறுவி இயங்கும், அந்த முறைக்கு ஒத்த அட்டவணையைத்தான் கேட்கும். ஆகவே முதல் வைத்தியம், வெளியேறி மற்றொரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது. பென்டிரைவ் தயாரிக்கும்போதே ரூஃபஸ் மென்பொருளில் எம்.பி.ஆரா ஜி.பி.டி.யா என்று கேட்கும் இடத்தில் தவறியிருந்தால் மறுபடி தயாரிக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் தரவுக்கு ஒன்றும் ஆகாது.

யூடியூப் காட்டும் வைத்தியமோ பெரும்பாலும் டிஸ்க்பார்ட், கிளீன், கன்வர்ட் ஜிபிடி என்ற மூன்று கட்டளைகள். புதிய, காலி வட்டுக்கு அது சரிதான். தரவு உள்ள வட்டில் நடுவிலுள்ள ‘கிளீன்’ பதிவேட்டையே துடைத்துவிடும். அதே டிஸ்க்பார்ட்டில் எந்த வட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் செருகியிருந்த வெளிப்புற ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு. தரவு அழியாமல் மாற்றுவதற்கு 2017-இல் விண்டோஸ் 10-இன் 1703 பதிப்போடு எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. முதலில் சரிபார்க்கச் சொல்லி, அது தேறினால் மட்டும் மாற்றலாம். ஆனால் அது முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுக்கும். விரிவாக்கப் பகுதி இருந்தாலும் மறுக்கும். லினக்ஸைத் தருக்கப் பகுதியில் வைத்திருக்கும் எந்தப் பழைய டூயல் பூட் கருவியும் இந்தப் பரீட்சையில் தோற்றுவிடும்.

லினக்ஸ் நிறுவிக்கும் தனக்கென்று சில அடம் உண்டு. விண்டோஸ் நன்றாக ஓடும் வட்டை முழுவதும் காலி என்று அது காட்டுவதுண்டு. பார்த்தவுடன் நெஞ்சு அடைக்கும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முன்னொரு காலத்தில் ஜி.பி.டி.யாக இருந்த வட்டை ஏதோ ஒரு கருவி அரைகுறையாக எம்.பி.ஆர். ஆக்கி, பழைய ஜி.பி.டி. தடயத்தை விட்டுவைத்திருக்கும். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் நிறுவி குழம்பும். ராட் ஸ்மித் எழுதிய ஃபிக்ஸ்பார்ட்ஸ் அந்தத் தடயத்தை மட்டும் நீக்குவதற்கென்றே உள்ளது. மற்றொன்று, ஒரு பகுதி முடியும் எண் அடுத்தது தொடங்கும் எண்ணைத் தாண்டியிருப்பது. விண்டோஸ் சகித்துக்கொள்ளும் இந்த எல்லைத் தகராறை லினக்ஸ் நிறுவிகள் பல நம்பியிருக்கும் லிப்பார்ட்டெட் என்ற நிரலகம் ஏற்காது. வட்டையே தெரியாததுபோல் நடந்துகொள்ளும். இந்த நிலையில் ‘முழு வட்டையும் பயன்படுத்து’ என்பதை அழுத்தினால், காலி என்று காட்டிய இடத்தில் இருந்ததெல்லாம் போகும்.

விண்டோஸ் 8 முதல் உள்ள ‘வேகத் தொடக்கம்’ என்ற வசதியும் இதில் சேர்கிறது. அணைக்கும்போது கணினி முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது; விண்டோஸ் பகுதி திறந்தபடியே இருப்பதாகக் குறிப்பு நிற்கும். லினக்ஸ் அதைச் சுருக்க மறுப்பது பிடிவாதம் போலத் தெரிந்தாலும் சரியான செயல். நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து தூக்க வசதியை நிறுத்திவிட்டு, முறையாக அணைத்து வந்தால் வழி விடும். விண்டோஸிலிருந்தே சுருக்கும்போது 200 ஜி.பி. காலியாக இருந்தும் 40 மட்டுமே தர முடியும் என்று சொல்வதற்கும் இந்தத் தூக்கக் கோப்பு ஒரு காரணம். நகர்த்த முடியாத கோப்பு ஒன்று பகுதியின் நடுவில் உட்கார்ந்திருந்தால் அதற்கு அந்தப்புறம்தான் வெட்ட முடியும். பக்கக் கோப்பையும் மீட்டெடுப்புப் புள்ளிகளையும் தற்காலிகமாக நிறுத்தினால் அளவு கூடும்.

2020-க்குப் பின் வந்த இன்டெல் கருவிகளில் வேறொரு புதிர் உண்டு. வட்டே தென்படாது. எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று கடைக்கு ஓடுவார்கள். 11-ஆம் தலைமுறைச் செயலிகள் முதல் பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்ற கட்டுப்படுத்தியின் பின்னால் வட்டு நிற்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லாவிட்டால் பட்டியல் காலியாக வரும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் போட்டு, ‘டிரைவரை ஏற்று’ என்ற இடத்தில் காட்டினால் வட்டு வந்துவிடும். பயாஸில் வி.எம்.டி.யை நிறுத்துவது இன்னொரு வழி. ஆனால் அந்தக் கருவியில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால், நிறுத்திய பிறகு அது நீலத் திரையோடு நின்றுவிடக்கூடும். முதலில் பாதுகாப்பு முறையில் எழும்படி விண்டோஸில் அமைத்துவிட்டு, பிறகு பயாஸை மாற்றி, ஒருமுறை எழுந்தபின் பழைய அமைப்புக்குத் திரும்புவதே தழும்பில்லாத வழி.

உண்மையாகவே வட்டு பழுதான சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் சூழ்ந்த அரியலூர்ப் பக்கத்தில் புழுதிக்கும் லாரிக்கும் பஞ்சமில்லை. பையில் குலுங்கிக்கொண்டே போய்வந்த, உள்ளே தகடு சுழலும் பழைய வட்டு பத்து வருஷம் தாங்கியதே பெரிது. நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் நின்றால், பார்மட் முடியாமல் இழுத்தால், பதிவேட்டைக் குறை சொல்வதை விட்டுவிட்டு வட்டின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். இடம் மாற்றப்பட்ட பிரிவுகள் என்ற 5-ஆம் வரியும், மாற்றத்துக்குக் காத்திருக்கும் பிரிவுகள் என்ற 197-ஆம் வரியும் சுழியத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தால் தரவை நகலெடுத்துவிட்டு வட்டை மாற்றுவதுதான் வேலை. அப்படிப்பட்ட வட்டில் பகுதியைச் சுருக்கிப் பார்ப்பது ஆபத்தைக் கூலி கொடுத்து அழைப்பது.

பதிவேட்டு விவகாரத்தை வெறும் பயனர் அறியாமை என்று ஒதுக்க முடியாது. படைத்தவர்களும் அதில் இடறியிருக்கிறார்கள். 2024 ஜனவரி 9-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 பாதுகாப்புத் திருத்தம் ஒன்று உலகெங்கும் ஏராளமான கணினிகளில் ஏற மறுத்தது. மீட்புப் பகுதியில் 250 எம்.பி. காலி இடம் வேண்டும் என்பது அதன் தேவை. விண்டோஸ் நிறுவியே முன்பு உருவாக்கிய மீட்புப் பகுதிகளில் பலவற்றில் அவ்வளவு இடம் இல்லை. விண்டோஸ் பகுதியைக் கட்டளைகளால் சுருக்கி, மீட்புப் பகுதியை அழித்து, பெரிதாக்கி மறுபடி அமைக்கும்படி சாதாரணப் பயனருக்கு நீண்ட வழிமுறை ஒன்று கொடுக்கப்பட்டது. வீட்டுப் பயனரிடம் இதைச் செய்யச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

இத்தனை வகைச் சிக்கல்களுக்கும் பொதுவான நடைமுறை ஒன்று உண்டென்றால், அது நிறுவல் திரைக்கு வருவதற்கு முன்பே முடியும் வேலை. பழைய விண்டோஸ் இன்னும் எழுகிறது என்றால் வட்டு மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, எந்தப் பகுதி எவ்வளவு, எதற்கு எந்த எழுத்து என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். நிறுவல் திரையில் எழுத்து காணாமல் போனாலும் அளவு பொய் சொல்லாது. இரண்டு பகுதிகளும் ஒரே அளவாக இருந்தால் சி, டி-க்குத் தனித்தனிப் பெயர் வைத்துவிடுவது நல்லது. அந்தப் பெயர் நிறுவியில் தெரியும். எழவில்லை என்றாலும் உபுண்டு பென்டிரைவில் ‘நிறுவாமல் பயன்படுத்திப் பார்’ என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், படங்களை வெளி வட்டுக்கு நகலெடுக்கலாம். எதையும் எழுதாமல் வட்டைப் பார்க்கும் அந்த வாய்ப்பு, லினக்ஸ் போட நினைக்காதவர்களுக்கும் உதவும்.

தவறிப்போய் அழித்துவிட்டால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். புதிதாகப் பகுதி உருவாக்குவது, பார்மட் செய்வது, நிறுவலைத் தொடர்வது எதுவும் கூடாது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் வட்டை வருடிப் பார்த்து, பழைய எல்லைகளைக் கண்டுபிடித்துப் பதிவேட்டை மறுபடி எழுதிக் கொடுக்கும். காசில்லாத மென்பொருள், தோற்றம் முரட்டுத்தனம், வேலை சுத்தம். 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க் காலத்தில் இது பலமுறை கைகொடுத்தது. எஸ்.எஸ்.டி.யில் அந்த நம்பிக்கை மெலிகிறது. பார்மட் செய்தவுடன், இந்த இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளம் வட்டுக்கு டிரிம் கட்டளை அனுப்பிவிடும். வட்டு தன் ஓய்வு நேரத்தில் அதைத் துடைத்துவிடும். பழைய கருவியில் வேகத்துக்காக எஸ்.எஸ்.டி. மாட்டிக்கொள்பவர்கள், தவறைத் திருத்திக்கொள்ள இருந்த அவகாசத்தை அதற்கு விலையாகக் கொடுக்கிறார்கள். மாற்றிய பிறகு பழைய வட்டைச் சில மாதங்களாவது தூக்கிப்போடாமல் வைத்திருப்பது நல்லது.

2025 மார்ச் 14-இல் தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது. இந்தத் தலைமுறை மடிக்கணினிகளில் நான்கு பகுதி வரம்பும் இல்லை, ஐந்தாவது எண் நகர்வதும் இல்லை, வட்டு ஜி.பி.டி., பூட் யு.இ.எஃப்.ஐ. புதிதாக வருவது குறியாக்கம். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கருவிகளில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. பிட்லாக்கர் என்ற இந்தப் பூட்டைக் கண்டால் உபுண்டு நிறுவியின் பழைய பதிப்புகள் நின்றுவிடும். பயாஸில் சில அமைப்புகளை மாற்றினாலும் அடுத்த முறை எழும்போது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்பதே அப்போது முதல் கேள்வி: மாணவரின் மின்னஞ்சலா, அவசரத்துக்குக் கடைக்காரர் கொடுத்து நுழைந்த மின்னஞ்சலா? முன்னது என்றால் கைப்பேசியில் கணக்கைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். பின்னது என்றால் அந்தக் கடைக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். எங்குமே சேமிக்கப்படாத குறியீட்டை மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது. டெஸ்ட்டிஸ்க் எல்லையைக் கண்டுபிடித்துக் கொடுத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.